பிளாக்கில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்போருக்கும், அவற்றைப் பிரித்து மாட்டும் மெக்கானிக்குகளுக்கும், லேத் பட்டறைக்காரர்களுக்கும், பழைய இரும்பு வியாபாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்



பெரும்பாலான பழைய பிக்கப்புகளின் இன்ஜின் பிளாக்கில் மூன்று வகைக் குறிகள் இருக்கும். முதலாவது, வார்க்கும்போதே அச்சிலிருந்து புடைத்து எழுந்த வார்ப்பு எண். இரண்டாவது, அதைப் போலவே புடைத்து நிற்கும் வார்ப்புத் தேதி. மூன்றாவது, இன்ஜினைக் கோத்து முடித்த பிறகு குழித்து அடித்த பஞ்ச் எண். ஆர்.சி. புத்தகத்தில் ஏறுவது இந்த மூன்றாவது எண்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்பதும், விற்பவர் காட்டுவதும், வாங்குபவர் பார்ப்பதும் அதுவே. ஆனால் கைவைப்பதற்கு எளிதாக இருப்பதும் அது ஒன்றே. வார்ப்பில் எழுந்த எழுத்தை வேறோர் எழுத்தாக மாற்ற முடியாது. அரைத்து அழிக்கத்தான் முடியும். அழித்தால் அழித்த தடம் தெரியும். அதனால் ஒரு பிளாக்கை அடையாளம் காணும் வேலை வார்ப்பு எண்ணில் தொடங்கி, தேதிக்கு வந்து, பஞ்ச் எண்ணில் முடிய வேண்டும். பட்டறைகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

பல்லாண்டு கிரீஸும் வெள்ளி பெயின்ட்டும் ஏறிய பிளாக்கில் இந்தக் குறிகள் கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, மரச்சீவலால் சுரண்டி, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கிரைண்டர், உப்புத்தாள், சாண்ட் பிளாஸ்டிங் ஆகிய மூன்றும் பஞ்ச் எண் இருக்கும் மேடையின் அருகே வரவே கூடாது. ஆலையில் அந்த மேடையைச் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் பல பிளாக்குகளில் இன்றும் மிச்சமிருக்கும். எண் அசல் என்பதற்கு எண்ணைவிட அந்தக் கோடுகளே வலுவான சாட்சி. ஒருமுறை பளபளவென்று தேய்த்துவிட்டால் உண்மையான எண்கூடப் போலிபோல் தோன்றும். டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து, சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்தால் மங்கிய எழுத்தும் எழுந்து வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுப்பதுபோலவே வார்ப்பு எண்ணுக்கும் தேதிக்கும் சேர்த்துப் பென்சில் பிரிண்ட் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ பிடித்த பிறகே பிளாக் போரிங்குக்குப் போவது நல்லது.

எண்களைப் படிக்கும் முன் வண்டி எந்த வழியாக வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஃபோர்டு நிறுவனம் 1926இல் இந்தியாவில் கால் ஊன்றியது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் வண்டி கோத்தது. அது அமெரிக்க ஃபோர்டின் நேரடிக் கிளை அன்று, கனடா ஃபோர்டின் கிளை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயின் சிவ்ரியில் செவர்லே வண்டிகளைக் கோக்கத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற கொள்கை வந்ததும், 1954க்குள் இரண்டும் வெளியேறின. டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ வண்டிகளை பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாயின் குர்லாவில் கோத்தது. வில்லீஸ் ஜீப்புகளை மஹிந்திரா 1947 முதல் கோத்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் ஏலம் விட்ட கனடா நாட்டு ஃபோர்டு, செவர்லே லாரிகளும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தன.

கனடா தொடர்பு மிக முக்கியம். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. கனடாவின் செவர்லே இன்ஜின்கள் பல அங்கேயே செய்யப்பட்டவை. அவற்றின் எண் வரிசை வேறு. அமெரிக்காவில் அச்சான எண் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் இந்த எண் இல்லை, ஆகவே இது போலி என்று முடிவு கட்டுவது இந்திய வண்டிகளில் அடிக்கடி நடக்கும் அநியாயம். நல்ல பிளாக்குகள் இப்படித்தான் எடைக்குப் போகின்றன.

செவர்லேயின் ஆறு சிலிண்டர் இன்ஜினை முதலில் பார்க்கலாம். 1929இல் 194 கன அங்குலத்தில் தொடங்கிய இந்த வரிசையில் 1937இல் வந்த 216 மிகப் பரவலானது. 1953 வரை பிக்கப்புகளில் இருந்தது அதுதான். 1954 முதல் பிக்கப்பில் 235 வந்தது. பஞ்ச் எண், பிளாக்கின் வலப்பக்கத்தில் டிஸ்ட்ரிப்யூட்டர் அருகே உள்ள சிறு மேடையில் இருக்கும். இந்த எண்ணும் கதவுத் தூணில் ஆணியடித்த தகட்டின் எண்ணும் தனித்தனி வரிசைகள். அவை ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வார்ப்புத் தேதி ஓர் எழுத்தும் எண்களுமாக இருக்கும். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி என்று எல் வரை பன்னிரண்டு மாதங்கள். அடுத்து வரும் எண் நாள். கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். சி, 14, 1 என்று இருந்தால் மார்ச் 14. ஆண்டு 1941 ஆகவும் இருக்கலாம், 1951 ஆகவும் இருக்கலாம். அந்தப் பத்தாண்டுக் குழப்பத்தைத் தீர்ப்பது வார்ப்பு எண். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதில் பயனில்லை.

பிளாக் வார்த்த தேதி, வண்டி கோத்த தேதிக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அது பின்னாளில் மாற்றிய பிளாக். அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது வண்டி செய்த ஆண்டோடு, பதிவு செய்த ஆண்டோடு அன்று. பெட்டிகளில் கப்பலேறி, பம்பாயில் கோக்கப்பட்டு, வியாபாரியிடம் நின்று, கடைசியில் திருச்சியில் பதிவான வண்டிக்கு இடையில் ஓராண்டுக்கு மேலும் கழிந்திருக்கலாம். ராணுவ ஏலத்தில் வந்த வண்டியென்றால் 1942இல் செய்தது 1946இல் முதன்முறை பதிவாகியிருக்கும். ஆர்.சி.யில் உள்ள ஆண்டு பல வேளைகளில் பதிவான ஆண்டுதான்.

எழுத்து எதுவும் மிஞ்சாத பிளாக்கையும் அளந்து அறியலாம். 216இன் சிலிண்டர் விட்டம் மூன்றரை அங்குலம், பிஸ்டன் ஓட்டம் மூன்றே முக்கால் அங்குலம். 235இன் விட்டம் 3.5625, ஓட்டம் 3.9375. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 216ஐ அறுபது தௌ, அதாவது 0.06 அங்குலம், பெரிதாக்கி போர் அடித்தால் அதன் விட்டம் 3.56 ஆகிவிடும், 235இன் அளவோடு ஏறத்தாழ ஒட்டிவிடும். பல தடவை போர் அடித்த பழைய பிளாக்கில் விட்டத்தை நம்பிச் சொல்வது ஆபத்து. ஓட்டத்தைத் தீர்மானிப்பது கிராங்க். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் அடியிலிருந்து உச்சிவரை ஏறும் தூரத்தை வெர்னியரால் அளந்தால் 95 மில்லிமீட்டரா 100 மில்லிமீட்டரா என்று ஐயமின்றித் தெரியும்.

ஹெட்டைக் கழற்றாமலே கிடைக்கும் குறி ஒன்று உண்டு. 216இலும் பழைய 235இலும் ராக்கர் கவரைப் பிடித்திருப்பவை உச்சியில் நடுவரிசையில் உள்ள இரண்டு நட்டுகள். 1954 முதல் வந்த 235இல் விளிம்பில் நான்கு திருகுகள். ஆனால் கவர் மாற்றக்கூடிய பொருள், ஹெட்டும் மாற்றக்கூடியதே. ஆயில் பேனை இறக்கினால் கிடைக்கும் சாட்சி இன்னும் உறுதியானது. 216இல் கனெக்டிங் ராடின் அடியில் சிறு கரண்டிபோல் ஒரு நாக்கு இருக்கும். அது பேனில் உள்ள தொட்டியில் முங்கி ஆயிலை அள்ளித் தெளிக்கும். ராடின் பேரிங் தனி ஷெல் அன்று, வெள்ளை உலோகத்தை உருக்கி நேரே வார்த்தது. 1954 முதல் வந்த 235இல் ஷெல் பேரிங்கும் அழுத்தத்தில் ஓடும் ஆயிலும் வந்துவிட்டன. இதைக் காட்டி 216ஐப் பலவீனமான இன்ஜின் என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. மிதமான வேகத்தில் சமதரையில் பாரம் இழுக்கவே அது செய்யப்பட்டது. லால்குடியிலிருந்தும் முசிறியிலிருந்தும் காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவர அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஃபோர்டில் கதையே வேறு. 1928 முதல் 1931 வரை வந்த ஏ மாடலில் பஞ்ச் எண் பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே உள்ள மேடையில் இருக்கும். இரு முனையிலும் நட்சத்திரக் குறி. கனடாவில் செய்ததென்றால் ஏ எழுத்துக்கு முன்னால் சி நிற்கும். அதே எண் சேஸிஸ் சட்டத்திலும் அடிக்கப்பட்டிருக்கும். இந்த மாடலில் இரண்டும் பொருந்தித்தான் ஆக வேண்டும். பாடியைத் தூக்கினால்தான் சட்டத்து எண் தெரியும் என்பதால், பாடி இறக்கும் வேலை எப்போது வந்தாலும் அந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

1932இல் வந்த ஃபோர்டு வி-8இன் பிளாக்கில் வரிசை எண்ணே கிடையாது. எண் அடித்தது கியர்பாக்ஸின் முன்பகுதியான கிளச் ஹவுசிங்கின் மேல். ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் என்று எழுதியிருப்பது உண்மையில் கியர்பாக்ஸின் நம்பர். பிளாக்கை மாற்றினாலும் எண் மாறாது. கியர்பாக்ஸை மாற்றினால் அசல் இன்ஜின் அப்படியே இருந்தும் எண் மாறிவிடும். இதை அறியாமல் எத்தனையோ வண்டிகள் ஏமாற்று வண்டிகள் எனப் பெயர் வாங்கியிருக்கின்றன. வி-8 பிளாக்கின் வயதை உருவத்தால்தான் கணிக்க வேண்டும். தண்ணீர் பம்பு ஹெட்டில் இருந்தால் 1936 வரை, பிளாக்கில் இருந்தால் 1937 முதல். ஒரு ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் 21 என்றால் முந்தியது, 24 என்றால் 1938 வாக்கிலும் அதற்குப் பிறகும் வந்தது.

டாட்ஜ், ஃபார்கோ இன்ஜின்களுக்கு டேப் போதும். கிறைஸ்லர் குழுமத்தின் பக்க வால்வு ஆறு சிலிண்டர் பிளாக் இரண்டு நீளங்களில் வந்தது. ஹெட்டின் நீளம் 23 அங்குலத்தை ஒட்டியிருந்தால் அமெரிக்காவில் பிளிமத், டாட்ஜ் வண்டிகளுக்கு வார்த்த சிறிய பிளாக். 25 அங்குலம் என்றால் பெரிய பிளாக், கனடாவில் செய்தவை அந்த வகை. பஞ்ச் எண் இடப்பக்கம் முன்னால், ஹெட் உட்காரும் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும். டி (T) என்று தொடங்கினால் டாட்ஜ் லாரி வகை, பி (P) என்று தொடங்கினால் பிளிமத் கார் வகை.

ஜீப் பிக்கப்பில் எண் இருக்கும் இடம் பிளாக்கின் வலப்பக்க முன்முனை, தண்ணீர் பம்புக்குப் பின்னால். வில்லீஸின் பழைய பக்க வால்வு இன்ஜினும் பின்னர் வந்த ஹரிக்கேன் இன்ஜினும் ஒரே 134 கன அங்குலம், ஒரே விட்டம், ஒரே ஓட்டம். இங்கே அளவு கைகொடுக்காது. ஹெட் தட்டையாக இருந்தால் பழையது. மேலே ராக்கர் கவர் இருந்தால் ஹரிக்கேன். அந்த உயரத்துக்காகவே சிஜே-3பி ஜீப்பின் பானெட் உயர்ந்தது. போர்க்காலத்தில் ஃபோர்டு செய்த ஜீப்பின் பாகங்களில், போல்ட் தலையில்கூட, எஃப் எழுத்து இருக்கும். வில்லீஸ் வண்டியில் அந்த எழுத்துள்ள பாகம் கிடைத்தால் அது வேறு வண்டியிலிருந்து வந்தது.

இனி டீசல். பெட்ரோல் விலைக்கு அஞ்சித் தமிழ்நாட்டில் எத்தனையோ பழைய வண்டிகளின் இன்ஜினை இறக்கி டீசல் ஏற்றினார்கள். சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் உரிமத்தில் செய்த இன்ஜின்கள் இதில் முன்னணி. ஆறு சிலிண்டர் பி6 என்றால் மூன்றரை அங்குல விட்டம், ஐந்து அங்குல ஓட்டம், 4.73 லிட்டர். மஹிந்திரா ஜீப்புகளில் இன்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த டீசலும், பின்னாளில் பெஜோ டீசலும் ஏறின. 1950களில் சென்னை பெர்க்கின்ஸ் ஏற்றி, அதை ஆர்.சி.யில் முறையாகப் பதிந்து, பல பத்தாண்டு ஓடிய செவர்லேயின் டீசல் இன்ஜினைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு 216ஐத் தேடி மாட்டுவது மீட்பு வேலை ஆகாது. அந்த வண்டிக்கு நேர்ந்த உண்மையான வரலாறு அந்த டீசல். புதிதாக வந்த 216தான் அதற்கு அந்நியம். ஆலையிலிருந்து வந்தபடி இருப்பது ஒரு நிலை, வாழ்ந்தபடி இருப்பது இன்னொரு நிலை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி ஒன்றை மட்டமாக்கக் கூடாது. ஆனால் எது எந்த நிலை என்பதை எழுதிவைக்காமல் விடுவது மட்டும் தவறு.

பிளாக்கைச் சுற்றியுள்ள பாகங்களில் சென்னை ஆலைகளின் பெயர்கள் தேதி முத்திரைபோல் உதவுகின்றன. பிஸ்டனில் இந்தியா பிஸ்டன்ஸ் பெயர் இருந்தால், அந்நிறுவனம் 1949இல் தொடங்கியது என்பதால், அதன் பிறகுதான் அந்த இன்ஜின் பிரிக்கப்பட்டது. லூகாஸ்-டி.வி.எஸ். முத்திரையுள்ள டைனமோ 1961க்கு முந்திய பாகமாக இருக்க முடியாது. சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் போல்ட் 1966க்குப் பிந்தியது. செவர்லேயில் அசலாக இருக்க வேண்டியது டெல்கோ-ரெமி டைனமோ. கார்புரேட்டர் 1949 வரை கார்ட்டர், 1950 முதல் ராச்செஸ்டர். போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால் அது மெட்ரிக் போல்ட். 1940களின் அமெரிக்க வண்டிக்கு வெளியாள். ஸ்பானரும் சாட்சி சொல்லும். அரை அங்குல ஸ்பானர் கச்சிதமாகப் பிடித்தால் பழையது; 13 எண் ஸ்பானர் கச்சிதமாகப் பிடித்தால் மாற்றியது.

பாடி விஷயத்தில் அமெரிக்கப் புத்தகங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கலாம். இந்தியாவில் பார வண்டிகள் பெரும்பாலும் முன்பகுதி மட்டும் உள்ள சேஸிஸாக விற்பனையாயின. கேபினும் பின்தொட்டியும் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் கட்டியவை. பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூர் 1995 வரை திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. தேக்குச் சட்டமும் தகரமும் வைத்து அன்று கட்டிய தொட்டியே இந்த வண்டிகளின் அசல் தொட்டி. அதைப் பிரித்தெறிந்து வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து எஃகுத் தொட்டி செய்வது அசலை அழிப்பது. காரை அறுத்துச் செய்த பிக்கப் வேறு வகை. அதில் சேஸிஸ் எண் காருக்குரியதாக இருக்கும். சேஸிஸ் சட்டத்தைப் பொறுத்தவரை ஆலை ரிவெட் அடித்த இடத்தில் ரிவெட் இருக்கிறதா, வெல்டிங்கும் போல்ட்டும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

பஞ்ச் எண் திருத்தப்பட்டதற்கான அறிகுறிகள் சில. மேடை சுற்றுப் பரப்பைவிடப் பள்ளமாக இருப்பது, எழுத்துகளின் ஆழம் ஒன்றுக்கொன்று வேறுபடுவது, சீவல் கோடுகளுக்குப் பதில் வட்டத் தேய்ப்புத் தடம் தெரிவது, ஒன்றும் ஏழும் ஆலை எழுத்தின் வடிவில் இல்லாதது. ஆனால் எழுத்து கோணலாக இருப்பதே குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. கையால் அடித்த அசல் எண்களும் கோணலாகவே இருக்கும். அதிகாரிகளின் அனுமதியோடு மறுபடி அடித்த எண்களும் உண்டு, அவற்றுக்குக் காகிதம் இருக்கும்.

பழைய பாகத்தையும் புதிதாகச் செய்த பாகத்தையும் எப்படிப் பிரித்துப் பெயரிடுவது என்பதற்குத் திருச்சியிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைப் பொன்மலைப் பணிமனை பராமரிக்கிறது. அதே வகையில் புதிய இன்ஜின்களையும் அது முழுமையாகக் கட்டியிருக்கிறது. வடிவம் ஒன்றுதான். ஆனால் புதியது புதிய இன்ஜினாகவே கணக்கில் வந்தது. பழையதன் பிறந்த ஆண்டை அதற்குக் கொடுக்கவில்லை. லேத்தில் கடைந்த புதிய புஷ்ஷுக்கும், வார்த்தெடுத்த புதிய மானிஃபோல்டுக்கும் பட்டறைகள் அதே மரியாதையைத் தரலாம்: வெளியில் தெரியாத ஓரத்தில் செய்த ஆண்டைச் சிறிதாக அடித்துவைத்தால் போதும்.

வண்டி அசலாக இருக்கிறதா என்று சட்டமும் இப்போது கேட்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 81ஏ முதலான விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் விண்டேஜ் வகையில் சேரலாம். சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிதாகப் பதிபவருக்கு மாநிலக் குறியீட்டோடு வி.ஏ. எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000, செல்லுபடிக் காலம் 10 ஆண்டு. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். பிக்கப் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது வணிகப் பயன்பாடு பற்றிய நிபந்தனை. சரக்கு வண்டியாகப் பதிவாகியிருப்பதை அப்படியே கொண்டுபோனால் சிக்கல் வரும். விண்ணப்பத்துக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். டீசல் ஏற்றிய வண்டிக்கு அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறிய தேதி பெரிய துணை.

விரிசல் விட்ட பிளாக் கடைசிக் கேள்வி. பனியில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிப்பது குளிர் நாடுகளின் நோய். இங்கே தண்ணீர் வற்றிய ரேடியேட்டரோடு சித்திரை வெயிலில் ஓட்டியதால் வரும் விரிசலும், போர்வெல் தண்ணீரின் உப்பு வாட்டர் ஜாக்கெட்டில் படிந்து சூடேறியதால் வரும் விரிசலும்தான் அதிகம். பாரத மிகுமின் நிறுவனத்தால் வெல்டிங்குக்குப் பேர்பெற்ற ஊர் இது. அதனால் எதையும் வெல்டு அடித்துவிடலாம் என்ற துணிச்சல் இயல்பாக வருகிறது. பழைய வார்ப்பிரும்பு அதற்கு எளிதில் இணங்காது. முன்சூடும் மெதுவாக ஆறவிடுதலும் இல்லாமல் வெல்டு வைத்தால் விரிசல் பக்கத்தில் புதிதாக ஓடும். விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு, வரிசையாகத் திருகுகளை ஏற்றித் தைக்கும் முறை பாதுகாப்பானது. அது பஞ்ச் மேடையையும் வார்ப்பு எண்ணையும் தொடாது.

அதுவும் முடியாமல் வேறு பிளாக் ஏற்ற நேர்ந்தால், இறக்கிய பிளாக் இரும்புக் கடைக்குப் போகக் கூடாது. சிலிண்டர்களில் கெட்டி ஆயில் தடவி, வாய்களை மரக்கட்டையால் அடைத்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்து ஈரம் ஏறாதபடி தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகைமேல் வைத்து, எந்த வண்டியிலிருந்து எந்தத் தேதியில் இறக்கியது என்று தகரத்தில் எழுதிக் கட்டிவைக்க வேண்டும். வண்டி கைமாறும்போது ஆர்.சி. புத்தகத்தோடும் பென்சில் பிரிண்டுகளோடும் அந்தப் பிளாக்கும் வாங்குபவரிடம் சேர வேண்டும்.